அறுபதில் நிற்கும் முள்

1

போன வெள்ளிக்கிழமை காலை விஜயா உப்பு ஜாடியை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நீ நிரப்பு."

"உப்பு ஜாடியப் பாத்தாலும் சிரிப்பு வருதா? நல்லாத்தான் முத்திப்போச்சு," என்று சொல்லிவிட்டு அவள் மூடியை அழுத்தி மூடினாள். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டு உப்பு ஜாடி ஒரு வெள்ளிக்கிழமையில்கூடக் குறைந்திருந்ததில்லை. அம்பத்தூரிலும் அப்படித்தான், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாம் மாடி வீட்டிலும் அப்படித்தான்.

நாங்கள் இங்கே குடிவந்து நான்கு ஆண்டு முடிந்த வாரம் அது. தொண்ணூற்று நான்கில் வந்தோம். அம்பத்தூர் பேட்டரித் தொழிற்சாலையில் என்னோடு பத்தாண்டு குப்பை கொட்டிய நண்பர்கள் கடிதம் போடும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். பேட்டரி இங்கேயும் இருக்கிறதே, அதற்கு மலேசியாவரை போக வேண்டுமா என்று. இதுவரை 'ஏதோ ஓடுகிறது' என்று இரண்டு வரியில் பதில் போட்டு வந்தேன். இந்த முறை கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். உப்பு ஜாடிக்கும் இதில் பங்குண்டு.

பெட்டாலிங் ஜெயாவில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. முதலாளி பெயர் லிம், சீனர், அறுபதைத் தொட்டவர். டீசல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் ஒரே வண்டியில் இருக்கும் சிறு பேருந்து ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ஹைப்ரிட் என்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மோட்டார் தள்ளும். ஓட்டத்தில் இன்ஜின் இழுக்கும். வேகம் குறைக்கும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறி, வீணாகப் போகிற வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் அனுப்பும். கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கிற இந்த ஊர் பஸ்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

அந்தப் பேட்டரித் தொகுதியை வடிவமைப்பதுதான் என் பொறுப்பு. எத்தனை பேட்டரி, எங்கே வைப்பது, சூட்டை எப்படி வெளியேற்றுவது, எவ்வளவு நிரப்புவது. கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். நமக்குத் தெரிந்த லாரி பேட்டரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். இந்த வண்டியின் பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். கொடுப்பதற்கும் சரக்கு இருக்க வேண்டும், வாங்குவதற்கும் இடம் இருக்க வேண்டும். பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்தவனை மறுபடி உட்காரவைத்து இலை போட்டால் என்ன ஆகுமோ, நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளினாலும் அதுதான் ஆகும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு வட்ட மானி பொருத்தி, அறுபது என்ற எண்ணின்மேல் பச்சைப் பொட்டு வைத்தேன். முள் அந்தப் பொட்டை ஒட்டியே நிற்க வேண்டும் என்று கையேட்டில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

2

வந்த புதிதில் நான் செய்த கோமாளித்தனங்களுக்குக் கணக்கில்லை. முதல் வாரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் அலமாரி நிறைய பிளாஸ்டிக் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த எழுத்தை 'ஏர் பேட்டரி' என்று படித்தேன். காற்றில் ஓடும் பேட்டரி! உலகமே தேடிக்கொண்டிருக்கிற பொருள் இங்கே இன்ஜின் ஆயிலுக்குப் பக்கத்தில் விற்கிறதே என்று ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். மலாயில் a-i-r என்று எழுதி 'ஆயர்' என்று படிப்பார்கள், தண்ணீர் என்று பொருள். நான் வாங்கி வந்தது பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர். அன்றைக்கு என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்தான் முனியாண்டி.

முனியாண்டி கிள்ளான்காரர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். மினி பஸ் ஓட்டி, பிறகு அதே பஸ்களைப் பழுது பார்த்து, லிம்மிடம் வந்து சேர்ந்தவர். என்னோடு தமிழ், ஸ்டோர் ஆளோடு மலாய், லிம்மோடு ஹொக்கியன் சீனம் என்று ஒரே மூச்சில் மூன்று மொழி பேசுவார். முதலாளியை 'தவுக்கே' என்பார். என்னை 'சார்' என்பார். இந்த ஊர் வழக்கப்படி நான் அவரை 'அண்ணே' என்பேன். தினமும் காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா சார்?" காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்றுதான் பெயர். இல்லை என்று சொன்னால் விடமாட்டார், எதிர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

இருக்கைகளுக்கு அடியில் இருபத்தாறு பேட்டரிகளை வரிசையாக வைத்தேன். நடு வரிசை சூடாகிக்கொண்டே இருந்தது. அம்பத்தூரிலாவது மார்கழி என்று ஒன்று உண்டு. இந்த ஊரில் பேட்டரிக்கு இளைப்பாறவே காலமில்லை, ஆண்டு முழுக்க ஒரே புழுக்கம். வண்டியின் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும்படி விசிறி வரைந்து கொடுத்தேன். முனியாண்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், மூணு மணி மழைய மறந்துட்டீங்க. இந்த ஊர் ரோட்டுல தண்ணி முட்டி அளவுக்கு நிக்கும். இந்த விசிறி காத்த இழுக்காது, தண்ணியத்தான் குடிக்கும்."

அவர் சொன்னதுதான் சரி. காற்று வாயிலை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கினோம்.

பேட்டரிகளுக்கு எண் போட்ட கதையையும் சொல்ல வேண்டும். நான்கு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது. ஆகவே எங்கள் வண்டியில் நான்காம் பேட்டரியே கிடையாது, மூன்றுக்கு அடுத்தது மூன்று-ஏ. பதினான்கும் இருபத்துநான்கும் அப்படியே. எட்டு வேண்டாம் என்று முனியாண்டி இழுத்துப் பார்த்தார். எட்டுதான் தனக்கு மிகவும் பிடித்த எண் என்று லிம் அடித்துச் சொல்லிவிட்டார். எட்டாம் எண்ணை ஒட்டும்போது முனியாண்டி அதன்மேல் ஒரு துளி விபூதி பூசியதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

3

வெளிநாட்டு வாழ்க்கை என்பது பாதி நாள் வரிசையில் நிற்பது. குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியமாகிவிடும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நமக்கேது குடும்பப் பெயர்? முதல் முறை வேறு வழியில்லாமல் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து கவுண்டரில் என்னைக் கூப்பிடுவது 'சுப்பிரமணியம்' என்றுதான். அப்பா போய்ப் பன்னிரண்டு ஆண்டாகிறது. இங்கே அவரை உரக்கக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து நிற்கிறேன்.

வேலை அனுமதி இரண்டாண்டுக்கு ஒருமுறை. இந்த ஆண்டு ஜூலையோடு முடிகிறது. எங்கள் மகள் நித்யா மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள், அதாவது நம் ஒன்பதாம் வகுப்பு. அக்டோபரில் நாடு முழுவதும் எழுதும் அரசாங்கப் பரீட்சை. ஜூலையில் மூட்டை கட்டினால் இங்கே எழுத முடியாது. ஊரில் போய் நின்றால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான்கு ஆண்டாக அவள் படித்தது மலாயில். கணக்கை மலாயில் போடுகிறாள், தோழிகளோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறாள், என்னிடம் பேசும் தமிழிலும் இந்த ஊர்ப் பேச்சின் 'லா' வந்து ஒட்டிக்கொள்கிறது. தன் தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டால் யோசிப்பாள்.

"எனக்கு மறுபடியும் பிண்டா ஆக வேணாம்பா," என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. இடம் மாறுவதற்கு இங்கே அதுதான் சொல். "எக்ஸாம் மட்டும் முடியட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் போலாம்."

நான் லிம்மைக் கேட்டேன். அவர் பேசியது ஆங்கிலத்தில். எனக்குக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"வேலையெல்லாம் சுருங்கிக் கிடக்கிற வருஷம் இது. உனக்கே தெரியும். இந்த ஒரு வண்டியை அந்த பஸ் கம்பெனி வாங்குவதாகச் சொன்னால், உனக்கு உடனே கடிதம் எழுதுவேன். இல்லையென்றால் என்ன காரணம் சொல்லி உன்னை வைத்துக்கொள்வேன், சொல்லு."

பஸ் கம்பெனியின் மேலாளருக்கு வண்டியை ஓட்டிக் காட்டும் நாள் குறிக்கப்பட்டது. வெள்ளோட்டம் ஒழுங்காக நடந்தால் நித்யா பரீட்சை எழுதுவாள். எங்கள் வீட்டில் அன்றைய நிலைமை அவ்வளவுதான்.

4

பஸ் கம்பெனியின் அலுவலகம் பங்சார் மேட்டில் இருக்கிறது. அங்கே விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவது என்று திட்டம். முந்தின நாள் மாலையே முனியாண்டி வண்டியைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, சார்ஜரை மாட்டிவிட்டு வந்தார்.

காலை ஏழே காலுக்கு நான் போய்ச் சேர்ந்தேன். வண்டி மாலையோடு நின்றது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். முகப்பில் லிம் கட்டிய சிவப்புத் துணி, அதற்குக் கீழே முனியாண்டி வைத்த சந்தனம், குங்குமம். உள்ளே ஏறி மானியைப் பார்த்தேன். முள் நூறில் நின்றது.

"அண்ணே, அறுபதுதானே சொல்லியிருந்தேன்?"

"அது தெனமும் ஓடுற ஓட்டத்துக்கு சார். இன்னைக்கு மொத மொதல்ல நல்ல காரியம். அரகொறையா எப்படி எறக்குறது? நைட்டெல்லாம் ஏத்தி நெறவா வச்சிருக்கேன்."

இப்போது உங்களில் தொழில் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. நானும் அப்போதே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டிருந்தால் முள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கையில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நூறைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. நிறைகுடம் வைத்து வாசலில் நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பத்தாண்டு அம்பத்தூரில் முழுசாக ஏற்றாத பேட்டரியை கேட்டைத் தாண்ட விட்டதில்லை. கையேட்டில் கொட்டை எழுத்தில் எழுதிய அதே ஆள், அந்த முள்ளைப் பார்த்து, "சரி, நல்லதுதான்," என்றேன். ஒரு இறக்கம்தானே, தாங்கிவிடும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

எட்டரைக்கு மேலாளர் வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது, தலையில் கறுப்பு சொங்கோக் தொப்பி. கூடவே அதிகாரிகள் பன்னிரண்டு பேர். எல்லோர் கையிலும் கறிபாப் தட்டு, நம் ஊர் பப்ஸ் மாதிரி. முனியாண்டி கற்பூரம் காட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் கிளம்பியது. மேலாளர் புருவத்தை உயர்த்தி லிம்மைப் பார்த்தார். லிம் முகம் மலர்ந்தது.

இறக்கம் தொடங்கியது. முனியாண்டி காலை எடுத்ததும் மோட்டார் டைனமோவாகி வண்டியைப் பிடித்துக்கொண்டது. மின்சாரம் பேட்டரிக்குப் போனது. பேட்டரியில்தான் இடமில்லையே. எல்லாப் பேட்டரியும் பதினைந்து வோல்ட்டைத் தாண்டியது. லேசாக அழுகிய முட்டை வாடை வந்தது. அடுத்த நொடி, தொகுதியைக் காப்பாற்ற நான் வைத்த பாதுகாப்பு ஸ்விட்ச் தன் கடமையைச் செய்து, படாரென்று இணைப்பைத் துண்டித்தது. பிடித்துக்கொண்டிருந்த பிடி போனதும் வண்டி கீழே பாய்ந்தது. முனியாண்டி வழக்கமான பிரேக்கை எழுந்து நின்று மிதித்தார். கறிபாப் தட்டுகளெல்லாம் முன்னால் பறந்தன. மேலாளரின் சொங்கோக் இருக்கைகளுக்கு நடுவே உருண்டுபோய் கியர் பெட்டியில் முட்டி நின்றது. ஒருவருக்கு முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடித்து வீங்கிவிட்டது. வேறு சேதமில்லை. சாலையோரம் பீசாங் கோரெங் பொரித்துக்கொண்டிருந்த பெண்மணியின் வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றோம். அவர் ஒரு தட்டு வாழைப்பழப் பொரியலை ஜன்னல் வழியாக நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை. எல்லோரும் மேட்டுக்கு நடந்தே திரும்பினார்கள்.

5

மறுநாள் லிம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவர்கள் ஒரு பக்க அறிக்கை கேட்கிறார்கள். என்ன நடந்தது, யாரால் நடந்தது. முனியாண்டி கையேட்டை மீறினான் என்று எழுது. ஆள் தவறு என்றால் ஆளை மாற்றலாம். வடிவமைப்புத் தவறு என்றால் வண்டியையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். உன்னையும் சேர்த்து."

வெளியே வந்தால் எதிர்க் கடையில் முனியாண்டி தே தாரிக் என்கிற ஆற்றிய டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"சார், எம் பேரையே எழுதிருங்க லா. நான் இந்த ஊர்க்காரன். கிள்ளான்ல லோரி கம்பெனி ஒன்னு இருக்கு, போனா சேத்துக்குவான். உங்களுக்குத்தான் பெர்மிட்டு. பாப்பாவுக்கு பரீட்ச வேற."

"நீங்க பாட்டுக்கு சொல்றீங்க அண்ணே. இத்தன வருஷ வேலை."

"நெறப்புனது நான்தானே சார்? அதுல பொய்யில்லயே."

அதில் பொய்யில்லைதான். அதனால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையால் எழுதி, நித்யாவிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. என் ஆங்கிலத்தை அவள்தான் சரிசெய்வாள். 'முந்தைய நாள் மாலை, பணியாளர் எழுத்து மூலமான அறிவுறுத்தலுக்கு மாறாக பேட்டரியை முழு அளவுக்கு ஏற்றினார். மறுநாள் 8.30 மணிக்கு வண்டி புறப்பட்டது.' ஒரு சொல்லும் தப்பில்லை.

அவள் விரல்கள் பாதியில் நின்றன.

"அப்பா, காலைல நீங்க அந்த மீட்டர பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எத்தன மணிக்கு?"

"ஏழே கால்."

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "பஸ் எட்டரைக்கு கெளம்புது. அப்ப நடுவுல உள்ள அந்த ஒன்னேகா மணி நேரத்த எங்க போடுறது? எந்த பேராகிராஃப்ல?"

அவள் குற்றம் சாட்டவில்லை. தட்டச்சு செய்கிறவள் கேட்கிற சந்தேகம்தான். சமையலறையில் விஜயா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது தெரிந்தது.

"அத எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்தானேம்மா?"

"தெரியும் லா."

"ஜூலைல கெளம்ப வேண்டி வரும்."

"தெரியும்பா." குரல் கொஞ்சம் உடைந்தது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் விஜயாவிடம் புலம்பிக்கொண்டிருந்த பெண். அவளுக்கு முன்னால் நான் அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன்.

'காலை 7.15க்கு வடிவமைப்பாளர் மானியைப் பார்த்தார். முள் நூறில் இருந்தது. அவர் மகிழ்ந்தார். குறைக்க நேரம் இருந்தும் குறைக்கவில்லை. நல்ல காரியத்தை நிறைந்த பாத்திரத்தோடு தொடங்குவது எங்கள் மக்களின் வழக்கம். வடிவமைப்பாளர் அதே வழக்கத்தில் வளர்ந்தவர். ஆயினும் எதையும் பாதியில் விட்டுவைக்கும் மனிதர்கள் இருப்பதாக நினைத்து ஒரு வண்டியைச் செய்தார். அப்படிப்பட்டவர்கள் எங்கள் பட்டறையில் இல்லை. தவறு வடிவமைப்பில் இருக்கிறது.' அதற்குக் கீழே பரிகாரம்: யார் மாட்டினாலும் அறுபதில் தானே நின்றுவிடும் சார்ஜர், எப்போதாவது பேட்டரி நிறைந்துவிட்டாலும் மிச்ச மின்சாரத்தைச் சூடாக மாற்றி வெளியேற்ற, கூரையில் ஒரு கம்பிச் சுருள். மூன்று வாரம் வேண்டும். கீழே என் கையெழுத்து.

திங்கட்கிழமை லிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு நல்ல இங்கிலீஷ் உனக்கு எப்போது வந்தது?"

"மகள் அடித்தது."

"அவளுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "எங்கள் அம்மா புது வருஷத்துக்கு முதல் நாள் அரிசி ஜாடியை நிரப்பாமல் தூங்கமாட்டாள். அன்று காலை நானும் அந்த மீட்டரைப் பார்த்தேன். நூறு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது."

தாளை உறையில் போட்டு அப்படியே பஸ் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

6

இன்னொரு முறை ஓட்டிக் காட்டலாம் என்று மேலாளர் சொல்லியனுப்பினார். மூன்று வாரமும் நானும் முனியாண்டியும் சார்ஜரோடும் கூரைச் சுருளோடும் மல்லுக்கு நின்றோம். லோரி கம்பெனி பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. நானும் பெர்மிட் பேச்சை எடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை, அதே மேடு, அதே காலை. மாலை, சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. உள்ளே ஏறிப் பார்த்தேன். முள் அறுபதில், பச்சைப் பொட்டின்மேல் நின்றது. இறங்கும்போது லிம் ஓர் உறையை என் சட்டைப் பையில் திணித்தார்.

"வண்டி கீழே போய்ச் சேர்ந்த பிறகு பிரி."

இந்த முறை கறிபாப் கிடையாது; லிம் தடுத்துவிட்டார். மேலாளர் உட்காரவில்லை, முனியாண்டிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொங்கோக்கை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். மானியைக் காட்டி, ஏன் நிறைந்திருக்கவில்லை என்று கேட்டார். வாங்குவதற்கு இடம் வேண்டும், அதனால் எப்போதும் கொஞ்சம் பசியோடு வைத்திருக்கிறோம் என்று என் ஓட்டை மலாயில் சொன்னேன்.

"ஓ, புவாசாவா?" என்றார். நோன்பு இருக்கிறதா என்று கேட்கிறார். பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டி இறக்கத்தில் திரும்பியது. முனியாண்டி காலை எடுத்தார். மோட்டார் பிடித்துக்கொண்டது. அழுகிய முட்டை வாடை இல்லை, படாரென்ற சத்தம் இல்லை. நான் மானியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முள் அறுபதை விட்டு மெல்ல அசைந்தது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. மேட்டின் அடிவாரத்துக்கு வரும்போது அறுபத்துமூன்று. இருபது பேரைச் சுமந்துகொண்டு இறங்கிய வண்டி, போன வேகத்தையெல்லாம் சத்தமில்லாமல் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டது. பீசாங் கோரெங் வண்டிக்கு முன்னால், நிறுத்த வேண்டிய கோட்டில் பூப்போல நின்றது. மேலாளர் சொங்கோக்கிலிருந்து கையை எடுத்தார்.

பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்ன டீசல் வாடை?"

எனக்கு உயிரே போய்விட்டது. முனியாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கோச்சுக்காதீங்க சார். பேட்டரியத்தான் நீங்க நெறப்ப விடல. வெறும் வயித்தோட நல்ல காரியத்துக்கு எறக்க எனக்கு மனசு வரல. காலைல டீசல் டேங்க விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன். எறக்கத்துல மூடி வழியா கொஞ்சம் வழிஞ்சிருச்சு."

நான் மேலாளருக்கு மொழிபெயர்த்தேன். அவர் முனியாண்டியின் தோளில் தட்டி, டீசல் டேங்க் நோன்பு இருக்க வேண்டியதில்லை என்றார். அன்றைக்குத்தான் நான் நான்கு ஆண்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் இறங்கி வாழைப்பழப் பொரியல் வாங்கினார்கள்.

உறையைப் பிரித்தேன். குடிநுழைவுத் துறைக்கு லிம் எழுதிய கடிதத்தின் நகல். இரண்டாண்டு இல்லை, ஓராண்டு. பரவாயில்லை, அக்டோபர் அதற்குள் அடங்கும். கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். இந்த ஓட்டத்துக்கு மூன்று வாரத்துக்கும் முந்தைய தேதி, நான் அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்த அதே திங்கட்கிழமை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விஜயா உப்பு ஜாடியை எடுத்தாள்.

நாளைக் காலை நாங்கள் மூவரும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிறோம். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு கிடைத்ததில் நித்யாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. விண்ணப்பப் படிவங்களை அவளே நிரப்பி வைத்திருக்கிறாள், குடும்பப் பெயர் கட்டம் உட்பட. எண் சீட்டு எடுத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருப்போம். பிறகு என் அப்பாவைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து நிற்பேன்.